இரட்டைக் குழிக் கழிப்பறை: சேலத்துச் செம்மண்ணிலும் ஏற்காட்டுச் சரிவிலும்

விறகு அடுக்கி வைத்த கழிப்பறை ஒன்றாவது உங்கள் ஊரில் இருக்கும். ஆட்டுக்குட்டி கட்டியதும் இருக்கலாம். கேட்டால், "அவங்களுக்குப் பழக்கமில்லை, காட்டுக்குத்தான் போவாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குழியின் மூடியைத் தூக்கிப் பார்த்தால் விஷயம் வேறாக இருக்கும். தண்ணீர் இறங்காத குழி, உள்பக்கம் முழுக்கப் பூசிய சுவர், இரண்டு குழிக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிட்ட குழாய். கட்டி ஆறு மாதத்தில் கோப்பையில் தண்ணீர் எதிர்த்து நின்றால் யாராக இருந்தாலும் காட்டுக்குத்தான் போவார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி மண்ணுக்கு அடியில் இருப்பதைத்தான் அதிகம் பேசுகிறது. அறை, கதவு, டைல்ஸ் எல்லாம் கொத்தனாருக்கே தெரியும்.

எந்த முறை

தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தும் கிராமத்து வீட்டுக்கு இரட்டைக் குழிதான் முதல் தேர்வு. இரண்டு சிறிய உறிஞ்சு குழிகள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும். அது நிரம்பியதும் குழாயை மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை இரண்டு ஆண்டு சும்மா விடவேண்டும். உள்ளே இருப்பது மக்கி மண்ணாகிவிடும். இது நேற்று வந்த யோசனை இல்லை. 1970-இல் பீகாரில் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஸ்வர் பாடக் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனார். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1987-இல் ஐ.எஸ். 12314 என்ற எண்ணில் இதற்கு விதிமுறையே வெளியிட்டது. கொத்தனார் "இதெல்லாம் நிக்காதுங்க" என்றால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

செப்டிக் டேங்க் பாறை மண்ணுக்கும் நெருக்கமான டவுன் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் டேங்கிலிருந்து வெளியேறும் தண்ணீரும் கழிவுதான், அதற்குத் தனியே உறிஞ்சு குழி வேண்டும். தெருச் சாக்கடையில் விடுவது அசுத்தத்தைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு அனுப்புவதுதான். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரி வைத்து எடுக்கவும் வேண்டும். லாரி வரமுடியாத சந்தில் செப்டிக் டேங்க் கட்டுவதைப் போல ஒரு முட்டாள்தனம் இல்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு. உறை இறக்கிப் பத்தடி, பதினைந்தடி ஆழத்தில் ஒரே குழி. "ஆயுசுக்கும் நிரம்பாது" என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். நிரம்பும். நிரம்பும்போது அதற்குள் இருப்பது பச்சைக் கழிவும் விஷவாயுவும். ஆழத்தில் நிலத்தடி நீரைத் தொட்டுவிட்டால் அதே கழிவு ஆழ்துளைக் கிணற்றுக்கும் போகும். இதைக் கட்டாதீர்கள்.

இடம் பார்ப்பது

நாடா எடுத்துக்கொண்டு அளந்து பாருங்கள், கண் மதிப்பு வேண்டாம்.

கிணறு, போர், குடிநீர் ஊற்று எதுவாக இருந்தாலும் குழியிலிருந்து 10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி தள்ளி இருக்கவேண்டும். உங்கள் கிணறு மட்டும் அல்ல, வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் கிணறும் கணக்கில் சேரும். அடியில் வெடித்த பாறை இருந்தால் இன்னும் தள்ளிப் போங்கள். மண் வடிகட்டும். பாறை இடுக்கு வடிகட்டாது, குழாய் மாதிரி அப்படியே கடத்திவிடும். சேலம் மாவட்டத்தில் பல இடங்களில் சில அடி செம்மண்ணுக்குக் கீழே பாறைதான் என்பதால் இதை அலட்சியம் செய்ய முடியாது.

வீட்டு அஸ்திவாரத்திலிருந்து மூன்றடி. இரண்டு குழிகளுக்கும் நடுவே குறைந்தது ஒரு மீட்டர், அல்லது குழியின் ஆழம் எவ்வளவோ அவ்வளவு. நெருக்கி வைத்தால் ஓடும் குழியின் தண்ணீர் ஓய்வில் இருக்கும் குழிக்குள் கசியும், அது மக்கவே மக்காது. மழைத் தண்ணீர் தேங்கும் பள்ளமும், கூரைத் தண்ணீர் விழும் இடமும் ஆகாது.

குழியின் அடிக்கும் மழைக்காலத்து நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் காய்ந்த மண் இருக்கவேண்டும். கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யக்கூடாது. ஐப்பசியில் கிணற்றில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள். ஏரிக்குக் கீழே, வாய்க்கால் ஓரத்தில், நெல் வயல் நடுவில் வீடு என்றால் குழியை மண்ணில் பாதி, மேலே பாதியாகத் தூக்கிக் கட்டி, சுற்றிலும் மண் அணைத்து மேடாக்கவேண்டும். கழிப்பறைத் தரையும் அதற்கேற்ப உயரும், இரண்டு படி கூடுதலாக வரும்.

மண்ணைக் கேட்டுப் பார்ப்பது

பணம் செலவழிக்கும் முன் ஒரு சோதனை. குழி வரப்போகும் இடத்தில் மூன்றடி ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் தோண்டுங்கள். சாயங்காலம் நிறையத் தண்ணீர் ஊற்றி ஊறவிடுங்கள். மறுநாள் காலையில் ஓரடி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு குச்சியில் கோடு போட்டு வைத்து, மணி பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலமாவது இறங்கவேண்டும். இறங்கினால் உறிஞ்சு குழி வேலை செய்யும். முதல் நாள் ஊறவிடாமல் சோதித்தால் காய்ந்த மண் ஆசையாகக் குடித்து உங்களை ஏமாற்றிவிடும்.

கணக்கு இப்படி. மணல் கலந்த செம்மண் ஒரு சதுர மீட்டர் சுவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 லிட்டர் உறிஞ்சும். இறுகிய மண் 10 லிட்டர்தான் குடிக்கும். குழியின் அடிப்பகுதியைக் கணக்கில் சேர்ப்பதில்லை, கொஞ்ச நாளில் அது அடைத்துக்கொள்ளும். ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழமுள்ள குழிக்குச் சுவர் 3.1 சதுர மீட்டர். செம்மண்ணில் 90 லிட்டருக்கு மேல் தாங்கும். ஐந்து பேர் வீட்டில் நாளைக்கு 50 லிட்டர் போனால் கவலையில்லை. அதே குழி இறுகிய மண்ணில் 30 லிட்டருக்கே திணறும். அப்போது ஆழத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டுங்கள்.

குழி

ஐந்து பேருக்கு உள்விட்டம் ஒரு மீட்டர் (மூன்றடி நான்கு அங்குலம்), ஆழம் நாலடி. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 40 முதல் 50 லிட்டர் திடக்கழிவு குழியில் தங்கும், மற்றதெல்லாம் தண்ணீராகவும் வாயுவாகவும் மண்ணுக்குள் போய்விடும். ஐந்து பேருக்கு 225 லிட்டர் என்று வையுங்கள். குழாய் வாய்க்குக் கீழே ஒரு மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு 785 லிட்டர். ஆக ஒரு குழி மூன்றரை ஆண்டு ஓடும். இரண்டு குடும்பம் சேர்ந்து பயன்படுத்தும் லைன் வீடாக இருந்தால் ஆண்டுக்குச் சேரும் கழிவை இரண்டால் பெருக்குங்கள், அதே குழி பாதிக் காலத்தில் நிரம்பும். எஸ்டேட் லைன்களில் குழி சீக்கிரம் நிரம்புவதன் காரணம் பேய் இல்லை, தலைக்கணக்கு.

செங்கல்லில் கட்டினால் நாலரை அங்குலச் சுவர், ஒரு குழிக்கு ஏறத்தாழ 200 கல். அடியில் இரண்டு வரி கெட்டியாக. அதற்கு மேல் ஒரு வரி விட்டு ஒரு வரியில், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விட்டு ஜன்னல் ஜன்னலாகக் கட்டவேண்டும். மேலே கடைசி ஓரடி மறுபடியும் கெட்டி, ஏனென்றால் அங்கே ஜன்னல் விட்டால் மேல்மண்ணும் எலியும் அதன் வழியே உள்ளே வரும். மணற்பாங்கான இடத்தில் ஜன்னலை அரை அங்குலத்துக்குக் குறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மணல் சரிந்து குழி தூர்ந்துவிடும்.

சிமெண்ட் உறை இறக்குவது வேகமான வேலை. ஓரடி உயர உறை ஒரு குழிக்கு நான்கு. ஆனால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் கிணற்று உறை, அதில் ஓட்டை இருக்காது. ஓட்டை போட்டது வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் உறைக்கும் உறைக்கும் நடுவே மூன்று நான்கு இடத்தில் ஜல்லித் துண்டு வைத்து இடைவெளி விட்டு அடுக்கலாம், சிமெண்ட் பூசி இணைக்கவேண்டாம்.

இரண்டு தவறுகளை எங்கும் பார்க்கலாம். சுவரின் உள்பக்கத்தைப் பூசிவிடுவது ஒன்று. அடியில் காங்கிரீட் போடுவது இன்னொன்று. கொத்தனாருக்குப் பூசாமல் விட மனசு வராது, வேலை சுத்தமாக இருக்கவேண்டும் என்று நினைப்பார். குழி கட்டும் நாளில் வீட்டில் ஒருவர் பக்கத்திலேயே நிற்பது நல்லது. (விதிவிலக்கு: அடியில் வெடித்த பாறை இருந்து பக்கத்தில் போரும் இருந்தால், அடியை மூடிவிட்டுக் குழியைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நைசான மணல் நிரப்பவேண்டும். வடிகட்டும் வேலையை அந்த மணல் பார்க்கும்.)

மூடி இரண்டு அங்குல கனம், ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல், நாலு பங்கு சிறுஜல்லி, ஆறு அங்குலத்துக்கு ஒரு கம்பி. முழு வட்டமாகப் போட்டால் 140 கிலோ வரும், யாராலும் தூக்க முடியாது. இரண்டு அரைவட்டமாக வார்த்துக் கம்பி வளையம் வைத்துவிடுங்கள், இரண்டு பேர் எடுக்கலாம். ஏழு நாள் தண்ணீர் காட்டி ஈரத்தில் வையுங்கள். மூடி தரையைவிட அரையடி மேலே நிற்கவேண்டும், சுற்றிலும் மண் அணைத்துச் சரித்துவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே போகாது.

வாயுக் குழாய் வேண்டாம். பக்கத்து வீட்டு செப்டிக் டேங்கில் நெட்டுக்குத்தாக ஒரு குழாய் நிற்பதைப் பார்த்துவிட்டு இதற்கும் வைக்கச் சொல்வார்கள். உறிஞ்சு குழியின் வாயு ஜன்னல் வழியே மண்ணுக்குள் போய்விடும். குழாய் வைத்தால் நாற்றத்துக்கும் கொசுவுக்கும்தான் வழி.

சேம்பர்: மொத்தக் கழிப்பறையின் சாவி

கோப்பையிலிருந்து வரும் குழாய் இரண்டாகப் பிரியும் சிறு தொட்டியைத்தான் சேம்பர் என்கிறார்கள். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி இருந்தால் போதும், கை விட்டு வேலை செய்ய இடம் வேண்டும். உள்ளே தரையைக் கவட்டை வடிவில் வழவழப்பாகப் பூசி, இரண்டு பக்கமும் ஒரு வாய். அதில் ஒரு வாயை ஒரு செங்கல் வைத்துக் களிமண்ணால் அடைக்கவேண்டும். சிமெண்டால் அடைத்தால் நாலு ஆண்டு கழித்து உளி வைத்து உடைக்கவேண்டி வரும்.

கட்டி முடித்த அன்றே மூடியைத் திறக்கச் சொல்லி, ஒரு வாளித் தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் போகவேண்டும். இரண்டு பக்கமும் போனால் இரண்டு குழியும் ஒன்றாக நிரம்பும், ஒன்றாக நிரம்பினால் இரண்டிலும் பச்சைக் கழிவுதான் இருக்கும், மாற்றிவிட இடமில்லை. இரட்டைக் குழிக்குச் செலவழித்த பணம் அத்தனையும் வீண். இந்த ஒரு செங்கல்லை வைக்க மறந்த கழிப்பறைகள் ஏராளம். சேம்பர் மூடியைச் சிமெண்ட் பூசி நிரந்தரமாக மூடிவிடுவதும் அதே ரகம்.

கோப்பையிலிருந்து சேம்பருக்கும், சேம்பரிலிருந்து குழிக்கும் குழாய் நேராகப் போகட்டும், வளைவு கூடாது. மூன்று அல்லது நான்கு அங்குலக் குழாய், பத்தடிக்கு ஓரடி சரிவு. குழிக்குள் குழாய் நாலு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கவேண்டும், சுவரோடு நின்றால் கழிவு சுவரில் வழிந்து ஜன்னல்களை அடைக்கும்.

கோப்பையும் டிராப்பும்

கடையில் இரண்டு வகைக் கோப்பை இருக்கும். தட்டையான சாதாரணக் கோப்பைக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் வேண்டும். 'ரூரல் பேன்' என்று கேட்டால் நன்றாகச் சரிந்த கோப்பை தருவார்கள், சரிவு 25 முதல் 28 பாகை. இதற்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் போதும். தண்ணீரைக் குடத்தில் சுமக்கும் வீட்டில் இந்த எட்டு லிட்டர் வித்தியாசம்தான் கழிப்பறை புழங்குமா புழங்காதா என்று தீர்மானிக்கிறது. குழிக்கும் அது நல்லது, குறைவாகத் தண்ணீர் போனால் குழியும் நிம்மதியாக உறிஞ்சும்.

கோப்பைக்கு அடியில் இருக்கும் வளைவு டிராப். அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று நாற்றத்தை அடைக்கும். ரூரல் டிராப்பில் அந்த நீர் 20 மில்லிமீட்டர்தான், முக்கால் அங்குலம். டிராப் கொஞ்சம் சாய்ந்து பதிந்தாலும் அடைப்பு விட்டுப்போய், எத்தனை தேய்த்தாலும் நாறும். பதிக்கும்போது ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கல் பதிக்கும்போதெல்லாம் ரசமட்டம் பிடிப்பவர்கள் இதற்கு மட்டும் கண்ணளவு போட்டுவிடுவார்கள்.

அறை உள்ளளவு நாலடிக்கு மூன்றடி இருந்தால் போதும். தரை நிலத்தைவிட ஓரடியாவது உயரட்டும், இல்லையென்றால் குழாய்ச் சரிவு கிடைக்காது. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும்: உள்பக்கம் திறக்கும் கதவென்றால், உள்ளே யாராவது மயங்கி விழுந்தால் தள்ளித் திறக்க முடியாமல் போகும். உள்தாழ்ப்பாள், ஒரு பல்பு, மேலே சிறு சாளரம். முதியவர் இருந்தால் இரண்டு பக்கச் சுவரிலும் கைப்பிடிக் கம்பி, முழங்கால் மடங்காதவருக்கு நடுவில் ஓட்டையிட்ட ஸ்டூல். இவை எல்லாம் சேர்ந்து ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும், ஆனால் கிழவி வீட்டிலேயே போவதற்கும் இருட்டில் வரப்பில் தடுமாறுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

பணத்தைப் பொறுத்தவரை: 2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை பாரத இயக்கத்தில் தகுதியுள்ள ஊரக வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை, அதில் 60 சதம் ஒன்றிய அரசு, 40 சதம் மாநில அரசு. கட்டும் முன்பே ஊராட்சிச் செயலரிடம் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். கட்டிவிட்டுப் போனால் சிக்கல். குழிகளை மூடும் முன் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் உங்களுக்கே உதவும்.

ஏற்காட்டுப் பக்கம் மட்டும்

மலையில் சில விஷயங்கள் மாறும். நாகலூரோ மாரமங்கலமோ வெள்ளக்கடையோ, வீடு பெரும்பாலும் வெட்டிய திட்டின் மேல் நிற்கும். குழியைத் திட்டின் விளிம்பில் தோண்டாதீர்கள், கசிவு கீழ்ச்சரிவில் வெளியே வந்துவிடும். விளிம்பிலிருந்து பத்தடியாவது உள்ளே தள்ளுங்கள். இரண்டு குழியும் சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் சேம்பர் சரியாகப் பிரிக்காது, மேல்குழியின் தண்ணீரும் கீழ்க்குழியில் இறங்கும்.

மேட்டில் இருப்பவர் கீழே இருக்கும் ஊற்றை யோசிக்கவேண்டும். மலைக்கிராமத்தில் குடிநீர் பெரும்பாலும் ஊற்றும் ஓடையும்தான். ஊற்றுக்கு நேர்மேலே குழி வந்தால் 10 மீட்டர் என்ற கணக்குப் போதாது, வேறு பக்கம் போய்விடுங்கள். திருமணிமுத்தாறே இந்த மலையில் பிறந்துதான் சேலத்துக்குள் ஓடுகிறது.

பாறை இரண்டடியிலேயே தட்டினால் வெடி வைக்கவேண்டாம். குழியின் விட்டத்தை நாலரை அடியாக்கி ஆழத்தைக் குறைத்து, மேல்பாதியை நிலத்துக்கு மேல் எழுப்பி மண் அணையுங்கள். உறையை இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே ஏற்றி, அங்கிருந்து தலைச்சுமையாக ஊருக்குள் கொண்டுபோகும் செலவைவிட, அங்கேயே கிடைக்கும் கருங்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கி, மேல் ஓரடிக்கு மட்டும் சாந்து வைத்துக் கட்டுவது மலிவு. கல்லிடுக்கே ஜன்னல்.

குளிரில் மக்குவது மெதுவாகும். கீழே ஒன்றரை ஆண்டில் காய்ந்துவிடும் குழி மேலே இரண்டு ஆண்டு தாண்டியும் ஈரமாக இருக்கலாம். கதவுக்குத் தகரமும் பலகையும் பனியில் சீக்கிரம் கெடும், பி.வி.சி. கதவு போடுங்கள்.

வீட்டாரைப் பழக்குவது

முதல் வாரத்தில் எல்லாரும் ஒரு விஷயத்தைக் கண்ணால் பார்க்கவேண்டும்: சேம்பரைத் திறந்து, தண்ணீர் எங்கே போகிறது என்பதை. குழி சீக்கிரம் நிரம்பிவிடுமோ என்ற பயத்தில்தான் ஆண்கள் காட்டுக்குப் போய்விட்டு "பொம்பளைங்களும் விருந்தாளியும் போகட்டும்" என்று விடுவார்கள். மூன்றரை ஆண்டுக் கணக்கை அவர்களுக்கும் சொல்லுங்கள். இரண்டாவது குழி தயாராக இருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். வீட்டில் ஒருவர் வெளியே போனாலும் ஈ அவர் விட்டதிலிருந்து எல்லார் சோற்றுக்கும் வரும் என்பதை அப்பாவிடம் மகள் சொன்னால் கொஞ்சம் எடுபடும்.

தினசரி வழக்கம் மிகச் சின்னது. உட்காரும் முன் அரை மக்குத் தண்ணீரைக் கோப்பையில் தெளிக்கவேண்டும். காய்ந்த கோப்பையில்தான் ஒட்டும். முடிந்ததும் இரண்டு லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றவேண்டும். பத்து தடவை சிறுகச் சிறுக ஊற்றினால் இருபது லிட்டர் போனாலும் இறங்காது, வேகம்தான் தள்ளும். பிறகு சோப்புப் போட்டு இருபது விநாடி கை கழுவுதல். வாசலிலேயே தண்ணீர்க் குடமும் சோப்பும் இல்லையென்றால் ஒருவரும் கழுவமாட்டார்கள், உள்ளே போய்க் கழுவலாம் என்பது நடக்காது.

உள்ளே போகக்கூடாதவை: நாப்கின், துணி, பிளாஸ்டிக், முடி, பீடித்துண்டு, சோற்றுப் பருக்கை. நாப்கினுக்கு மூடியுள்ள தனி வாளி வையுங்கள், வைக்காமல் "போடாதே" என்றால் வேறெங்கே போடுவார்கள்? குளிக்கும் தண்ணீரும் பாத்திரம் கழுவும் தண்ணீரும் இந்தக் குழிக்கு வேண்டாம், அவற்றை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் குழிக்குள் போனால் மக்கவைக்கும் நுண்ணுயிர் சாகும், குழி நாறும், சீக்கிரம் நிரம்பும். வாரத்துக்கு இரண்டு நாள் பிரஷ்ஷும் கொஞ்சம் சோப்புத்தூளும் போதும். அந்த வேலை மருமகளுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல, முறை வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் கோப்பைக்கு அஞ்சுவார்கள். ஓட்டை பெரிது, இருட்டு, உள்ளே விழுந்துவிடுவோம் என்ற நினைப்பு. இரண்டரை, மூன்று வயதில் கதவைத் திறந்து வைத்து, அம்மாவோ பாட்டியோ எதிரே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கால் வைக்கும் மேடைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி இருந்தால் உள்பக்கமாக ஒரு செங்கல் வைத்துக் குறுக்கலாம். திட்டினால் அடக்கிக்கொண்டு மலச்சிக்கலில் கொண்டுபோய் விடும். அதுவரை முற்றத்தில் போவதை அள்ளிக் கோப்பையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். "கொழந்தைதானே, என்ன பெருசா" என்று குப்பைமேட்டில் வீசுவது தவறு. குழந்தை மலத்திலும் நோய்க்கிருமி உண்டு, பூச்சி முட்டையும் உண்டு.

கோளாறு வந்தால்

நாற்றம்: முதலில் டிராப்பில் தண்ணீர் நிற்கிறதா பாருங்கள். நின்றும் நாறினால் மூடி ஓரங்களில் விரிசல், களிமண் பூசுங்கள். நிற்கவில்லையென்றால் டிராப் சாய்ந்திருக்கிறது, எடுத்துத்தான் பதிக்கவேண்டும்.

தண்ணீர் மெதுவாக இறங்கினால் சேம்பரைத் திறங்கள். சேம்பர் காய்ந்திருந்தால் அடைப்பு டிராப்பில், வளையும் மூங்கில் பிளாச்சு விட்டுத் தள்ளுங்கள். இரும்புக் கடப்பாரை விட்டால் டிராப் உடையும். சேம்பரில் தண்ணீர் நின்றால் அடைப்பு குழாயில், அல்லது குழி நிரம்பிவிட்டது. மழைக்காலத்தில் மட்டும் நிற்கிறது, கோடையில் சரியாகிறது என்றால் நீர்மட்டம் குழிக்குள் ஏறுகிறது. அதற்கு மருந்து ஊற்றுவதில் பயனில்லை, குழியை மேலே தூக்கிக் கட்டவேண்டும். கட்டி ஓராண்டுக்குள் நிரம்பிவிட்டால் சுவரைப் பூசியிருப்பார்கள், அல்லது குளியல் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்.

குழி மாற்றுவது, எடுப்பது

குழி நிரம்பியதும் சேம்பர் மூடியை எடுங்கள். அடைத்து வைத்த வாயிலிருந்து செங்கல்லைப் பெயர்த்து, நிரம்பிய குழியின் வாயில் வைத்துக் களிமண்ணால் அடையுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு மூடுங்கள். அரை மணி நேர வேலை. நிரம்பிய குழியின் மூடிமேல் பெயிண்டில் மாதமும் ஆண்டும் எழுதுங்கள். எழுதாத வீட்டில் இரண்டாவது ஆண்டு "போன தைக்கா, அதுக்கு முந்தின தைக்கா" என்று சண்டை வரும்.

இரண்டு ஆண்டு முழுதாகத் தொடவேண்டாம். மற்ற கிருமிகள் முன்பே செத்துவிடும், நாக்குப்பூச்சி முட்டைதான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருக்கும். இரண்டு ஆண்டு கழித்து மூடியை எடுத்து சில மணி நேரம் காற்றாட விடுங்கள். நீண்ட பிடியுள்ள மண்வெட்டியால் மேலேயே நின்று ஒரு அள்ளு எடுங்கள். கறுப்பாக, பொலபொலவென்று, மழை மண் வாசனையோடு இருந்தால் எடுக்கலாம். ஈரமாக இருந்தாலோ நாறினாலோ மூடிவிட்டு ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். குழிக்குள் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். கையுறை, பூட்ஸ், முகத்துக்குத் துணி. எரு தென்னை, வாழை, மா போன்றவற்றின் வேர்ப்பாத்திக்குப் போடலாம், கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் வேண்டாம்.

பச்சைக் கழிவை ஆள் வைத்து அள்ளுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கச் சொன்ன வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். டேங்க் எடுக்க உரிமம் உள்ள லாரிக்கு 14420 என்ற எண்ணில் கேட்கலாம்.

எருவை எடுத்தபின் சுவர் ஜன்னல்களில் காய்ந்து ஒட்டியிருப்பதைக் குச்சியால் மேலிருந்தே சுரண்டிவிடுங்கள். அடியில் இரண்டு மூன்று அங்குலம் எருவை அப்படியே விடலாம். மூடியைப் போட்டு ஓரத்தில் களிமண் பூசி, பழைய தேதியை அழித்துவிடுங்கள். அடுத்த முறை திருப்பிவிடும்வரை அந்தக் குழி காலியாகவே இருக்கட்டும், அதில் குப்பை போட ஆரம்பித்துவிடாதீர்கள்.